வட்டமாகச் சுற்றும் நோய்

1976-ம் ஆண்டு ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் பதினேழு பேர் வந்து நின்றார்கள். கையில் வெற்றிலை பாக்கு, பழம், மொய்க் கவர். ஒருவர் சுவர்க் கடிகாரம் கொண்டுவந்திருந்தார். புதுமனை புகுவிழாவுக்கு வந்திருந்தார்கள். எங்களுக்குப் புது வீடு எதுவும் கிடையாது. என் தம்பிதான் அச்சகத்தில் பத்திரிகை அடித்து, இரண்டே நாளில் சைக்கிளில் சுற்றி, நாற்பது வீடுகளில் கொடுத்துவிட்டு வந்திருந்தான். அப்போது அவனுக்கு வயது இருபத்து நான்கு.

அம்மா ஒன்றும் பேசாமல் வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தாள். நான் ஒவ்வொருவராகத் திண்ணை ஓரம் கூப்பிட்டு ஏதோ சொல்லி அனுப்பிவைத்தேன். தம்பி மட்டும் மிகுந்த மகிழ்ச்சியோடு எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தான். மூன்று வாரமாக அவன் இரவில் தூங்கவில்லை என்பதை அதன் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

பிறகு எல்லாம் இறங்கிவிட்டது. எட்டு மாதம் அவன் வாசற்படி தாண்டவில்லை. சோறு உள்ளே போகாது. குளிக்க வைப்பதே பெரும் பாடு. கொஞ்சம் தெளிந்த ஒரு நாள் என்னிடம் சொன்னான்: "அண்ணே, நாற்பது பேருக்கும் நானே கையில குடுத்தேன். அந்த நாற்பது முகத்தையும் இனிமே எப்படிப் பாக்கறது?"

இன்றைக்கு இதை இருமுனைக் கோளாறு என்கிறார்கள். இளைஞர்கள் 'பைபோலார்' என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். அன்று நம் ஊரில் இதற்கு ஒரே பெயர்தான். அதை நான் எழுத விரும்பவில்லை. பிரெஞ்சில் படித்தவனாகையால் எனக்கு இந்த நோய் முதலில் பிரெஞ்சுப் பெயரில்தான் அறிமுகமானது. தம்பியைப் பார்த்த டாக்டர் ஆங்கிலத்தில் சொன்ன பெயரைக் கேட்டுவந்து, வீட்டிலிருந்த பழைய அகராதியைப் புரட்டினேன். அங்கிருந்து 'ஃபொலி சிர்க்குலேர்' என்ற சொல்லுக்குப் போய்ச் சேர்ந்தேன். வட்டமாகச் சுற்றும் பித்து என்று பொருள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சண்டை இருந்தது. அந்தச் சண்டையைப் படித்துப் புரிந்துகொண்டது தம்பி விஷயத்தில் எனக்குப் பெரிய உதவி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாரிஸில் பிசேத்ர் என்பது ஆண்களுக்கான மனநோய் விடுதி, சால்பெத்ரியேர் பெண்களுக்கானது. நோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைப்பது அக்கால வழக்கம். சங்கிலியை அவிழ்த்தவர் பினெல் என்று எங்கள் பள்ளிப் பாடத்தில் படித்தோம், படமும் இருந்தது. பினெல் பெரிய மருத்துவர், 1793-ல் பிசேத்ருக்கு வந்தவர், எல்லாம் சரி. ஆனால் பிசேத்ரில் 1797-ல் இரும்புச் சங்கிலிகளை நீக்கியவர் ழான்-பப்திஸ்த் புஸேன் என்ற கண்காணிப்பாளர். அவர் மருத்துவர் இல்லை. தோல் பதனிடும் தொழிலாளி. கண்டமாலை நோய்க்காக அதே பிசேத்ருக்கு நோயாளியாக வந்து, குணமாகி, அங்கேயே வேலைக்கு அமர்ந்தவர். குணமாகி வந்தவர்களையே பணியாட்களாக வைத்துக்கொள்ளும் வழக்கமும் அங்கே இருந்தது. பினெல் அதைப் பாராட்டி எழுதியிருக்கிறார். நேற்றுவரை கட்டிலில் கிடந்தவனிடம் இன்று ஒரு சாவியையோ ஒரு வாளியையோ கொடுத்து, "இதைப் பார்த்துக்கொள்" என்று சொல்வதற்கு என்ன மதிப்பு என்பதை அவர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள்.

அடுத்த தலைமுறையில் சால்பெத்ரியேரில் இரண்டு மருத்துவர்கள் இருந்தார்கள். ஒருவர் ழான்-பியேர் ஃபால்ரே, மற்றவர் ழூல் பாய்யார்ஜே. களிவெறி ஒரு நோய், மனச்சோர்வு வேறொரு நோய் என்று பலரும் நினைத்திருந்த காலம். இரண்டும் ஒரே ஆளிடம் மாறி மாறி வருவதைப் பழைய கிரேக்க மருத்துவர்களே குறித்திருந்தாலும், அதைத் தனி நோயாக யாரும் வகுத்திருக்கவில்லை. 1854 ஜனவரி கடைசியில் பாய்யார்ஜே மருத்துவ அகாதெமியில் எழுந்து, 'இரட்டை வடிவப் பித்து' என்று ஒரு நோயை அறிவித்தார். இரண்டே வாரத்தில் ஃபால்ரே எழுந்து, இது நான் என் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதுதான், இதன் பெயர் 'வட்டப் பித்து' என்றார். யார் முதலில் கண்டது என்று இருவருக்கும் பெரிய வாக்குவாதம். நம் அலுவலகங்களில் கோப்பில் யார் முதலில் குறிப்பெழுதியது என்று நடக்கும் சண்டை மாதிரிதான்.

ஆனால் சண்டைக்குள் ஒரு நல்ல விஷயம் இருந்தது. பாய்யார்ஜேக்கு முக்கியம் இரண்டு நிலைகள்: ஏற்றமும் இறக்கமும். ஃபால்ரேயின் வட்டத்தில் மூன்று பகுதிகள் உண்டு. ஏற்றம், இறக்கம், பிறகு நோயாளி தெளிவாக இருக்கும் இடைவெளி. அந்த இடைவெளியையும் அவர் கணக்கில் சேர்த்தார்.

மருத்துவர்கள் அவர் சேர்த்ததை வேறு காரணத்துக்காகப் பார்ப்பார்கள். இடைவெளியும் நோயின் சுற்றுக்குள் அடங்கியது. ஆகவே தெளிந்துவிட்டான் என்று ஏமாறாதே என்பது அதன் ஒரு பொருள். நான் அதை வேறு விதமாகப் படித்தேன். அதுவரை எங்கள் வீட்டில் தம்பியை ஒன்று ஏறிய தம்பியாகப் பார்த்தோம், இல்லையேல் இறங்கிய தம்பியாகப் பார்த்தோம். நடுவில் அவன் அவனாகவே இருந்த மாதங்களை 'அடுத்தது எப்போது வருமோ' என்று பயந்தே கழித்தோம். அந்த மாதங்களும் அவன் வாழ்க்கைதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. மனிதர்களோடு பழகும் தைரியத்தை அவன் மீண்டும் சம்பாதிக்க வேண்டுமானால், அந்த இடைவெளியில்தான் முடியும்.

ஃபால்ரே இன்னொன்றும் செய்தார். சால்பெத்ரியேரிலிருந்து குணமாகி வெளியேறும் ஏழைப் பெண்களுக்காக 1840-களில் ஒரு ஆதரவுச் சங்கம் தொடங்கினார். தங்க இடம், ஒரு வேலை, வீடு தேடிப் போய் விசாரிப்பது ஆகியவை அதன் பணிகள். மருத்துவமனைக் கதவுக்கு வெளியேதான் பாதிச் சிரமம் தொடங்குகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பெயர் மட்டும் பல முறை மாறியது. 1899-ல் ஜெர்மனியில் எமில் கிரெப்பெலின் இதை 'மேனிக்-டிப்ரெசிவ்' என்ற பெயரில் வகுத்தார். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அதைக் கைவிட்டு 'பைபோலார்' என்ற பெயரை ஏற்றது. பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் நாற்பது முகங்களைப் பார்க்கும் தைரியம் பெயர் மாற்றத்தால் வந்துவிடாது. அது எப்படி வரும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சாட்சி கிளிஃபோர்ட் பியர்ஸ் என்ற அமெரிக்கர்.

பியர்ஸ் 1876-ல் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவனில் பிறந்து, அங்கேயே யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். 1900-ல் மனம் முற்றிலும் சோர்ந்து உயிரை விட முயன்று பிழைத்தார். அடுத்த மூன்று ஆண்டுகள் மூன்று மருத்துவமனைகளில் கழிந்தன. அந்தச் சோர்வில் அவருக்கு ஒரு நம்பிக்கை பிடித்துக்கொண்டது. தன்னைப் பார்க்க வருகிறவர் தன் உண்மையான சகோதரர் அல்ல, சகோதரர் வேடத்தில் வரும் துப்பறிவாளர் என்று நினைத்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் அப்படியே நம்பினார்.

1902 ஆகஸ்டில் அவரே ஒரு சோதனை யோசித்தார். சகோதரரின் முகவரிக்கு இரகசியமாக ஒரு கடிதம் அனுப்பினார். நீ உண்மையில் என் சகோதரன் என்றால், அடுத்த முறை வரும்போது இந்தக் கடிதத்தைக் கையில் கொண்டு வர வேண்டும் என்பது அதன் சாரம். வேடதாரியிடம் அந்தக் கடிதம் இருக்க முடியாதல்லவா? குறித்த நாளில் சகோதரர் வந்தார். பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். இரண்டு ஆண்டுப் பிரமை அந்த நொடியில் கலைந்தது. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

ஆனால் கதை அங்கே சுபமாக முடியவில்லை. சோர்விலிருந்து வெளிவந்த பியர்ஸ் நேராகக் களிவெறிக்குள் போனார். பேச்சு நிற்கவில்லை, எழுத்து நிற்கவில்லை. கட்டி வைத்தார்கள், அடித்தார்கள், குளிர் அறையில் அடைத்தார்கள். 1903-ல் வெளியே வந்து வேலைக்குச் சேர்ந்தார். 1905 தொடக்கத்தில் மீண்டும் மனம் ஏறத் தொடங்கியதை உணர்ந்தபோது, யாரும் இழுத்துப்போகாமல், தானே மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். சில வாரங்களில் வெளியே வந்தார். பழைய அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். வில்லியம் ஜேம்ஸ் என்ற பெரிய உளவியல் அறிஞர் கையெழுத்துப் பிரதியைப் படித்து ஆதரவு தந்தார். 1908-ல் அது தன் சொந்தப் பெயரிலேயே வெளிவந்தது. அதே ஆண்டில் கனெக்டிகட்டிலும், 1909-ல் தேசிய அளவிலும் மனநலச் சங்கங்களை நிறுவினார். 1930-ல் வாஷிங்டனில் நடந்த முதல் உலக மனநல மாநாட்டுக்குப் பல நாட்டுப் பிரதிநிதிகள் வந்தார்கள்; அதற்கு முன்னின்று உழைத்தவர் பியர்ஸ். 1939-ல் மீண்டும் மருத்துவமனைக்குப் போனார். 1943-ல் அங்கேயே காலமானார்.

முழுக்கக் குணமான மனிதரின் வரலாறு அல்ல இது. நோய் அவரோடு கடைசிவரை இருந்தது. இருந்தும், நடுவில் கிடைத்த சுமார் முப்பத்தைந்து ஆண்டுகளில் அறிமுகமில்லாத பெரிய மனிதர்களின் கதவைத் தட்டி, "நான் மனநோயாளியாக இருந்தவன்" என்று சொல்லி உட்கார்ந்து பேசினார். நோய் போகட்டும், பிறகு வெளியே போகலாம் என்று காத்திருந்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது.

இப்போது என் தவறைச் சொல்ல வேண்டும். அந்த எட்டு மாதமும் தெருவில் யார் கேட்டாலும், "தம்பி காரைக்காலில் வேலைக்குப் போயிருக்கான்" என்று சொல்லிவந்தேன். தம்பியின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைப்பு. உண்மையில் காப்பாற்றிக்கொண்டது என் மானத்தைத்தான். அலுவலகத்தில் அப்போதுதான் எனக்குப் பதவி உயர்வு வந்திருந்தது.

மருந்து கேட்டு அவன் நிமிர்ந்த பிறகு, ஒரு நாள் விடியற்காலையில் கடற்கரைக்கு அழைத்துப்போனேன். திரும்பும்போது எங்கள் தெருத் தையற்காரர் கடையைத் திறந்துகொண்டிருந்தார். பத்திரிகை வாங்கிய நாற்பது பேரில் அவரும் ஒருவர். சுவர்க் கடிகாரம் கொண்டுவந்தவரும் அவர்தான். "அடடே, தம்பி! காரைக்கால்லேர்ந்து எப்ப வந்தே?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தம்பி என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தான். பிறகு அவரிடம், "நான் எங்கேயும் போகலைங்க. மனசு சரியில்லாம வீட்டுலதான் இருந்தேன். இப்ப மருந்து சாப்பிடறேன்" என்றான்.

தையற்காரர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "சரி, உள்ள வந்து இந்த ஊசியில நூல் கோத்துக் குடு. எனக்குக் கண்ணு தெரியல" என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து தினமும் காலையில் அந்தக் கடையில் அரை மணி நேரம் தம்பிக்கு வேலை இருந்தது. பிசேத்ரில் புஸேன் செய்ததைத்தான் அவரும் செய்தார். அவருக்குப் புஸேன் யாரென்றே தெரியாது.

அவன் சாப்பிட்ட மருந்து லித்தியம். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் இந்த எளிய உப்பைக் களிவெறி கொண்ட பத்துப் பேருக்குக் கொடுத்து, கிடைத்த நல்ல பலனை வெளியிட்டார். முதலில் மருந்து எடுத்தவர் பல ஆண்டுகள் மருத்துவமனையில் கிடந்தவர். சில மாதங்களில் வீடு திரும்பிப் பழைய வேலைக்கே போனார். பிறகு மருந்தை விட்டார்; நோய் திரும்பியது. அளவு மீறினால் லித்தியம் நஞ்சு என்பதால் பல நாடுகள் தயங்கின. அதை முறையாகச் சோதித்து உலகை ஏற்கச் செய்தவர்களில் முக்கியமானவர் டென்மார்க்கின் மோகன்ஸ் ஷூ. 1954-லிருந்து பல ஆண்டுகள் விடாமல் உழைத்தார். அவருடைய உடன்பிறந்த சகோதரருக்கும் மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. விடாமல் எடுத்துக்கொண்டால் அலை மீண்டும் வருவதையே லித்தியம் குறைக்கும் என்று காட்டியதுதான் அவரது பெரிய பங்கு. ஃபால்ரே சொன்ன இடைவெளியை இந்த மருந்து நீட்டிக் கொடுத்தது என்று நான் புரிந்துகொண்டேன். தம்பிக்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை இருக்கும். அந்தச் சீட்டுகளைத் தேதிவாரியாகக் கோப்பில் வைப்பது என் வேலை. எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதானே.

மருந்து இடைவெளியைத் தரும். அதற்குள் கட்டிடத்தை நாம்தான் எழுப்ப வேண்டும். 1937-ல் சிகாகோவில் ஆபிரகாம் லோ என்ற மருத்துவர், மருத்துவமனையிலிருந்து வெளிவந்தவர்களுக்காக 'ரெக்கவரி' என்ற குழுவைத் தொடங்கினார். அங்கே பெரிய துயரக் கதைகளைப் பேசமாட்டார்கள். கடைக்குப் போனபோது கை நடுங்கியது, ஆனாலும் வாங்கிவந்தேன் என்பது போன்ற அன்றாட அற்ப விஷயங்களைச் சொல்வார்கள். கூச்சம் போன பிறகு செய்வது அல்ல, கூச்சத்தோடேயே செய்வது என்பதுதான் பயிற்சி. நம் காலத்தில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எலென் ஃபிராங்க் என்ற பேராசிரியர், நாளின் ஒழுங்கையே சிகிச்சையாக வகுத்தார். தினமும் ஐந்து நேரங்களைக் குறித்துவைக்கச் சொல்கிறார்: படுக்கையை விட்டு எழுவது, முதன்முதலாக இன்னொரு மனிதரோடு பேசுவது, வேலையைத் தொடங்குவது, இரவு உணவு, படுக்கப் போவது. மனிதரோடு பேசுவதைத் தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் சமமாக வைத்திருக்கிறார் பாருங்கள்! தையற்கடை அரை மணி நேரம் தம்பிக்கு அதைத்தான் கொடுத்தது.

கடை பழகிய பிறகு நூலகம். ரோமேன் ரோலன் நூலகத்தில் நாற்பது பேர் நடுவில் உட்கார்ந்திருக்கலாம். யாரோடும் பேச வேண்டியதில்லை. அது அவனுக்குத் தோதாக இருந்தது. ஆறு மாதம் கழித்து ஒரு நோட்டில் அந்த நாற்பது வீட்டின் பட்டியலை எழுதினான். மாதம் ஒரு வீடு. போய் நின்று, "அன்னிக்கு உங்களை அலைய வச்சுட்டேன். எனக்கு அப்போ உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு வருவான். வந்து டிக் போடுவான். சிலர் காபி கொடுத்தார்கள். சிலர் கதவைப் பாதி திறந்து பேசினார்கள். ஒரு பெரியவர் அந்தப் பத்திரிகையையே மறந்துபோயிருந்தார். "என்ன விழா? எங்க?" என்று கேட்டாராம். அன்று தம்பி சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

1983-ல் மீண்டும் ஒரு அலை வந்தது. இந்த முறை அவனே முதலில் கண்டுகொண்டான். நடுராத்திரியில் என்னை எழுப்பி, "மூணு நாளா தூக்கம் இல்லண்ணே. இந்தப் பணப்பையை நீ வச்சுக்க. காலையில டாக்டர்கிட்ட போலாம்" என்றான். பியர்ஸ் 1905-ல் தானே மருத்துவமனைக்குப் போனதை அன்றிரவு நினைத்துக்கொண்டேன். சபையில் எழுந்து பேசுவதைவிடப் பெரிய தைரியம் அது. நோட்டில் அப்போது இருபத்து மூன்று டிக் இருந்தன. மூன்று மாதம் நின்று, மறுபடியும் தொடர்ந்தான்.

இந்த நோய் உள்ள பிள்ளையோ பேரனோ பேத்தியோ வீட்டில் இருக்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். மருந்தை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். தூக்கத்தைக் கவனியுங்கள், முதல் எச்சரிக்கை அங்கேதான் வரும். தெளிவாக இருக்கும்போதே, அலை வந்தால் யார் என்ன செய்வது என்று அவர்களோடு உட்கார்ந்து பேசி வையுங்கள். அவர்களை மறைக்க நீங்கள் ஒரு பொய் சொன்னால், வெளியே வரும் நாளில் அந்தப் பொய்யையும் அவர்கள்தான் சுமக்க வேண்டும். எதை, யாரிடம், எவ்வளவு சொல்வது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அவசரத்துக்கு இப்போது 14416 என்ற அரசு தொலைபேசி எண் இருக்கிறது. எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. எங்கள் காலத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் அம்மா பாதி இரவுகள் தூங்கியிருப்பாள்.

தம்பி போய் ஆறு வருடம் ஆகிறது. மாரடைப்பு. இதை எழுதலாம் என்று உயிரோடு இருக்கும்போதே எனக்கு அனுமதி கொடுத்திருந்தான். "காரைக்கால் கதையையும் விடாம எழுது" என்றும் சொன்னான். நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. நாற்பதில் முப்பத்தொன்றுக்கு டிக் இருக்கிறது. மீதி ஒன்பதில் ஏழு பேர் அவன் போவதற்குள் காலமாகிவிட்டார்கள், அல்லது பிள்ளைகளோடு பிரான்சுக்குப் போய்விட்டார்கள். இரண்டு வீடுகளில் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டான். அவற்றின் எதிரே டிக்குக்குப் பதிலாகச் சின்னதாக ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறான்.